தக்கைத் திருகு இல்லாத மடக்குக் கத்தி

1

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். கம்பத்தில், திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய அந்தக் கூடத்தில் அன்று நீங்கள் இருக்கவில்லை என்பதை அறிவேன். ஆயினும் இருந்தவர்களின் சாட்சியம் எனக்கு உதவாது. ஒருவர் என் தாய்மாமா, ஒருவர் அத்தை, ஒருத்தி அவர்கள் மகள் சுந்தரி. மூவரும் ஒரு கட்சி. நான்காமவன் நான், எந்த வழக்கிலும் இரு கட்சிக்கும் பேசிப் பழகியவன். ஆகவே என் வாக்கும் செல்லாது. எஞ்சியிருப்பவர் நீங்கள் ஒருவரே.

நான் இப்போது வாழ்வது மேற்கு ஜெர்மனியின் ஒரு சிற்றூரில். தேனியில் ஒரு மில்லில் வேலை பார்த்த என்னை, நூற்பு இயந்திரங்களின் நுட்பம் கற்றுவர இங்கே அனுப்பினார்கள். கற்றுக்கொண்டதும் இவர்களே என்னை வைத்துக்கொண்டார்கள். தொழிற்சாலைக்கும் என் அறைக்கும் இடையே ஓர் இரும்புச் சாமான் கடை உண்டு. விடுப்பில் ஊருக்குப் போய்த் திரும்பியிருந்த என்னை நேற்று அந்தக் கடைக்கார அம்மையார் பார்த்துவிட்டார். பனியில் தலையை நீட்டி, "உங்கள் மாமாவுக்குக் கத்தி பிடித்திருந்ததா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை சொல்ல வேண்டுமானால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை மூன்றும் வேண்டும். என் ஜெர்மன் மொழியில் முன்னுரைக்கே இடம் இல்லை. 'ஆம்' என்னும் பொருளில் "யா" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பெரியோரே, என் வாழ்வில் நான் ஒற்றைச் சொல்லில் முடித்த உரைகள் இரண்டே. ஒன்று, நேற்றைய இந்த "யா". மற்றொன்றுக்குத்தான் நீங்கள் சாட்சி.

2

என் பேச்சாற்றலை நானே சொல்லிக்கொள்வது அழகன்று. ஆனால் சொல்வதற்கு இங்கே வேறு ஆள் இல்லை.

வீரபாண்டித் திருவிழாவில் ஒரு முறை பட்டிமன்றம் நடந்தது. வாழ்வுக்குப் பெருந்துணை ஏரா, எழுத்தாணியா என்பது பொருள். ஏரை ஒட்டி நான் பேசி அமர்ந்தேன். வெட்டிப் பேச வேண்டிய புலவரின் பேருந்து போடியிலேயே பழுதாகி நின்றுவிட்டது. கூட்டம் கலையத் தொடங்கியது. நடுவர் என்னைப் பார்த்தார். நான் மேடையின் இடப்புறம் இறங்கி, வலப்புறம் ஏறி, சற்று முன் நான் சொன்ன அத்தனையையும் மறுத்துப் பேசினேன். என்னையே நான் மூன்று இடங்களில் மடக்கினேன். முடிவில் நான் என்னிடம் தோற்றதாகத் தீர்ப்பாயிற்று. கோப்பை எப்படியும் என் வீட்டுக்குத்தான் வந்தது.

ஒட்டியும் வெட்டியும் பேசுவதென்பது நம் மொழி மேடைக்குத் தந்த சொல். அதே மொழி, பயனற்ற பேச்சுக்கும் 'வெட்டிப் பேச்சு' என்றே பெயர் வைத்திருக்கிறது. அந்த எச்சரிக்கையை நான் அந்நாளில் பொருட்படுத்தவில்லை.

அப்படிப்பட்டவன் இந்நாட்டில் என்ன பேசுகிறேன் என்று கேளுங்கள். "நன்றி." "மிகவும் குளிர்." "இந்தப் பல்சக்கரம் உடைந்துவிட்டது." இவையே என் சொற்பொழிவுகள். வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் ஓர் எழுத்தர் என் தந்தையின் பெயரால் என்னைக் கூப்பிடுகிறார். நான் எழுந்து திருத்த முற்பட்டால், கையமர்த்தி முத்திரை குத்திவிடுகிறார். இரண்டு ஆண்டுகளின் சொற்கள் என்னுள்ளே வைகை அணையில் ஐப்பசி வெள்ளம் போல் தேங்கி நின்றன. மதகு எங்கே திறந்தது என்பதுதான் இந்த வரலாறு.

3

என் மாமா பன்னீர்த் திராட்சை பயிரிடுகிறவர். ஒருமுறை அவர் மேகமலைக்கு ஜீப்பில் போகையில், சின்னமனூரைத் தாண்டி ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டதாம். உடன் வந்த எஸ்டேட் மேனேஜர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்புக் கத்தியை எடுத்தார். அதன் ஒரு மடிப்பை விரித்துத் திருகாணியை முடுக்கினார். இன்னொன்றை விரித்து ஆரஞ்சு உரித்தார். மூன்றாவதை உருவிப் பல் குத்தினார். அன்று முதல் மாமாவின் நெஞ்சில் அந்தக் கத்தி குத்தி நின்றது.

நான் வெளிநாடு புறப்பட்ட நாளில் கம்பம் பேருந்து நிலையத்தில் அவர் என் ஜன்னலருகே வந்தார்.

"ஏலே மாப்ளே, துணிமணி, செண்டு, ரேடியோ, ஒண்ணும் வேணாம். மேனேஜர் வச்சிருந்தாகள்ல, அது மாதிரிக் கத்தி ஒண்ணு. அது போதும்."

பேருந்து நகர்ந்ததும் கூடவே நடந்து வந்து சொன்னார்: "போன மாதிரியே திரும்பி வரணும். பாத்துக்க."

இதன் பொருள் எங்கள் குடும்பம் முழுவதற்கும் தெரியும். சுந்தரியை எனக்குக் கொடுப்பதென்று அம்மாவும் மாமாவும் பேசி வைத்திருந்தார்கள். ஆனால் மாமாவுக்கு ஓர் அச்சம் இருந்தது. அவர் மதுவின் தீராப் பகைவர். மதுக்கடைகள் திறந்திருந்த காலத்தில், கடைத்தெரு நடுவே கறுப்புத் துணி கட்டி உண்ணாவிரதம் இருந்தவர். திராட்சை வாங்க வரும் வியாபாரியிடம் விலைக்கு முன்னால் அவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இது திங்கவா, ஊறப்போடவா?" திணறியவன் வெறும் கூடையோடு போக வேண்டியதுதான். வெளிநாடு போனவனெல்லாம் குடிப்பான் என்பது அவர் துணிபு. 'மொதல்ல வரட்டும், பாப்போம்' என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

ஆகவே அந்தக் கத்தி எனக்குத் தேர்வுத் தாள். அதில் தேறினால் சுந்தரி. தவறினால் என் பழைய தேனி மில்லின் கேன்டீனில் காலமெல்லாம் கேலி.

சுந்தரியைப் பற்றி ஒரு சொல்: ஆசிரியர் பயிற்சி முடித்தவள். குறைவாகப் பேசுவாள். இந்த இரண்டாவது குணத்தை நான் ஒரு குறையாகவே அதுவரை கருதியிருந்தேன்.

4

கத்திக்கு இந்நாட்டு மொழியில் 'மெஸ்ஸர்' என்று பெயர். ஈற்றில் நிற்கும் ரகரத்தை இவர்கள் ஒலிப்பதாக எனக்குத் தோன்றவில்லை; நானும் விட்டுவிட்டேன். ரொட்டிக் கடையில் நின்று, "இவ்வூரில் நல்ல 'மெஸ்ஸெ' எங்கே கிடைக்கும்?" என்று கேட்டேன். ரொட்டிக்காரர் என்னைப் பரிவோடு நோக்கி, "ஞாயிற்றுக்கிழமை காலை, அதோ அந்தக் கோபுரம்" என்றார். எவ்வளவு பணம் கொண்டுவர வேண்டும் என்றேன். "மனம் போல்" என்றார்.

ஞாயிறன்று போனேன். 'மெஸ்ஸெ' என்றால் மாதா கோயில் பூசை என்பது, இரண்டு முறை முழந்தாளிட்ட பின்புதான் எனக்குப் புலப்பட்டது. நம்மூரில் மெஸ் என்றால் இலை போட்டுச் சோறு போடுவார்கள். இங்கே அதுவும் இல்லை. கத்தி வாங்கப் போனவன் பாவமன்னிப்போடு திரும்பினேன். வெளியே வந்து ஒருவரிடம் கையால் அறுத்துக் காட்டியபோது, அவர் பின்வாங்கி நின்று இரும்புச் சாமான் கடையைச் சுட்டினார்.

கடைக்கார அம்மையார் ஒரு பச்சைத் துணியை விரித்து, கத்திகளைத் திருமாங்கல்யம் போல் வரிசையாக வைத்தார். ஒன்றில் மீன் செதில் உரசி. நாங்கள் சைவம், தள்ளினேன். ஒன்றில் பூதக்கண்ணாடி. மாமாவுக்குப் பிறர் குற்றம் பார்க்கக் கண்ணாடி தேவையில்லை, தள்ளினேன். அளவான ஒன்றைக் கையில் எடுத்தேன். கத்தி, கத்தரி, ரம்பம், திருப்புளி, பல்குத்தி எல்லாம் இருந்தன. பின்புறத்தில் பன்றி வால் போல் சுருண்ட ஒரு கம்பி.

"இது என்ன?"

அம்மையார் இல்லாத புட்டி ஒன்றைத் தொடைகளுக்கிடையே பிடித்தார். இல்லாத தக்கையில் கம்பியைச் செலுத்தி, மூன்று சுற்றுச் சுற்றி, இழுத்து, வாயால் 'டொப்' என்றார். "வைன்" என்று சொல்லி முறுவலித்தார்.

எனக்கு வியர்த்தது. "இது இல்லாமல்?"

"ஏன்?"

"என் மாமா. திராட்சை. தோட்டம்."

"திராட்சைத் தோட்டக்காரருக்கு இது வேண்டாமா!"

"வைன் இல்லை. ஒருபோதும் இல்லை."

"அப்படியானால் திராட்சையை என்ன செய்கிறீர்கள்?"

"தின்கிறோம்."

"எல்லாவற்றையுமா?"

"எல்லாவற்றையும்."

அம்மையார் தம் கணவரை உள்ளிருந்து அழைத்து, என்னைக் காட்டி, நான் சொன்னதைத் திரும்பச் சொன்னார். கணவர் என் கையைக் குலுக்கினார். அது பாராட்டா, அனுதாபமா என்று இன்றளவும் விளங்கவில்லை.

துணியில் இருந்த ஒவ்வொரு கத்திக்கும் பன்றி வால் இருந்தது. அன்றிரவு எனக்குள் பட்டிமன்றம் கூடிற்று. திருகு இருந்தால் என்ன, மாமாவுக்கு அது என்னவென்று தெரியவா போகிறது என்று ஒட்டிப் பேசினேன். தெரிந்தால் சுந்தரி இல்லை என்று வெட்டிப் பேசினேன். வெட்டியவனே வென்றான். மறுநாள் அம்மையார் ஒரு விலைப்பட்டியலைப் புரட்டி, பன்றி வால் இருக்கும் இடத்தில் நட்சத்திர முனைத் திருப்புளி வைத்த கத்தி ஒன்றைக் கண்டுபிடித்து, எனக்காக வரவழைத்துத் தந்தார். பகைவனின் கொடியை இறக்கிவிட்ட படைத்தலைவன் போல் அதைப் பையில் இட்டுக்கொண்டேன்.

5

தாயகத்தில் என்னை முதலில் வரவேற்றவர் விமான நிலையச் சுங்க அதிகாரி.

"என்னது இது?"

"கத்தி."

"ஆயுதமா?"

ஐயகோ, எத்தனை காலம் கழித்துத் தமிழில் ஒரு கேள்வி! "ஐயா, ஆயுதம் என்பது அழிப்பது, கருவி என்பது ஆக்குவது. இது கத்தி என்னும் ஒற்றைச் சிமிழுக்குள் அடங்கிய கருவிக் குடும்பம். இதோ கத்தரி, இதோ ரம்பம், இதோ திருப்புளி..."

அவர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். "அப்ப எட்டுச் சாமான். எட்டுக்கும் டூட்டி."

"இல்லை ஐயா, பலவாகத் தோன்றினும் பொருள் ஒன்றே!"

"ஒண்ணுன்னா கத்தி. கத்தின்னா ஆயுதம்."

என் கல்லூரிக் காலத்தில் எவனும் என்னை இவ்வளவு சுருக்கமாக மடக்கியதில்லை. நான் வாய் திறந்தேன்.

"சார், நீங்க எந்தக் கட்சின்னு முடிவு பண்ணிட்டு வாங்க. அடுத்த ஆள்!"

ஒதுங்கி நின்றேன். வரிசை தீர்ந்தது. அதிகாரி கத்தரியை விரித்துத் தம் சட்டைக் கையில் தொங்கிய நூலை நறுக்கினார். அரத்தை விரித்துச் சுண்டுவிரல் நகத்தைத் தேய்த்தார். ஊதிப் பார்த்தார். பிறகு எட்டு வரிகளையும் அடித்துவிட்டு, 'நகவெட்டி, ஒன்று' என்று எழுதி என்னிடம் நீட்டினார். உண்மைக்கு மாறான ஒரு சொல் அரசு முத்திரையோடு என்னைக் காத்தது. வாயை மூடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் காரியம் நடந்தது என்பதை நான் அப்போதும் கவனிக்கவில்லை.

6

கம்பம். கூடம். மாமா நாற்காலியில், நான் எதிரே. அத்தை அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்தபடி. சுந்தரி உள்வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

நான் கத்தியை நீட்டினேன்.

"கீழ வையி மாப்ளே. கத்தியக் கைக்குக் கை வாங்குனா உறவு அத்துப்போகும்."

வெற்றிலைத் தட்டில் வைத்தேன். மாமா எடுத்தார். ஒவ்வொரு மடிப்பாக விரித்தார். கத்தரியால் மீசையில் ஒரு நரையை நறுக்கினார். ரம்பத்தை நிலைக்கட்டையில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தார்.

"ஆத்தாடி, வீட்ட அறுத்துறாதீக!" என்றார் அத்தை.

"மேனேஜர் வச்சிருந்ததுலகூட இந்த நட்சத்திரம் இல்லடி!" என்றார் மாமா. சுந்தரியின் முகத்தில் முறுவல் தெரிந்தது. என் வழக்கு வென்றுவிட்டது. அங்கேயே நான் அமர்ந்திருக்க வேண்டும்.

அப்போது அத்தை ஒரு புட்டியைக் கொண்டுவந்தார். "மலைத்தேனு. மாப்பிள்ளைக்குத் தினைமாவுல ஊத்திக் குடுப்போம்னு பாத்தா, தக்கை கழுத்துக்குள்ள போயி உக்காந்துகிச்சு. உங்க கத்திய வச்சு எடுங்க பாப்போம்."

மாமா பெரிய அலகால் குத்தினார். தக்கை உதிர்ந்தது; வரவில்லை. சின்ன அலகால் நெம்பினார். வரவில்லை.

"தக்கைக்குன்னு இதுல ஒண்ணும் கெடையாதா மாப்ளே?"

வாசகரே, இங்கே கண்ணை மூடாமல் பாருங்கள். 'இல்லை மாமா' என்றால் போதும். நான் எழுந்து நின்றேன். மதகு திறந்தது.

"இருக்கிறது மாமா! உலகத்துக் கத்திகள் அனைத்திலும் இருக்கிறது. பன்றி வால் போல் ஒரு திருகு. புட்டியைத் தொடைகளுக்கிடையே பற்றி, தக்கையில் செலுத்தி, மூன்று சுற்றுச் சுற்றி இழுத்தால், 'டொப்' என்று வரும். அந்த ஒரு 'டொப்'பில் ஒரு குடும்பம் குடிமுழுகுகிறது! ஆகவே அதை வேண்டாமென்று வெட்டி, திருகில்லாத ஒரு கத்தியைத் தேடித் தெரிந்து கொணர்ந்தேன்!"

சொன்னதோடு நில்லாமல் செய்தும் காட்டினேன். மேடையில் என் கையசைவுகளுக்குத் தனிப் பெயர் உண்டு.

கைதட்டல் எழவில்லை.

"தொடைக்கு நடுவுல பிடிக்கணுமோ?" என்றார் மாமா மெதுவாக.

"ஆம்."

"மூணு சுத்து?"

"ஆம்."

"ஏலே, உனக்கு எப்படிலே இம்புட்டும் தெரியும்?"

"கடைக்கார அம்மையார் செய்து காட்டினார்."

"பொம்பளையா? பாட்டில்ல என்ன இருந்துச்சு?"

"பாட்டிலே இல்லை மாமா. வெறுங்கை."

"பாட்டில் இல்லாமயே மூணு சுத்துச் சுத்துறாகளா? அப்ப எம்புட்டுப் பழக்கம் இருக்கணும்!"

நான் தோற்றேனல்லேன், சான்று மாற்றினேன். "மாமா, நான் ஒழுக்கம் தவறியவன் அல்லேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கே போயிருக்கிறேன்."

"அங்கன ஏது கோயிலு?"

"மாதா கோயில்."

அத்தை தேன் புட்டியைக் கீழே வைத்தார். "ஆத்தாடி! மதமும் மாறியாச்சா!"

"இல்லை அத்தை, கத்தி வாங்கப் போனேன்!"

"கோயிலுக்கா?"

"அங்கன என்ன குடுத்தாக?" என்றார் மாமா.

"எனக்கு ஒன்றும் தரவில்லை. திராட்சை ரசத்தைச் சாமியார் மட்டுந்தான் குடித்தார்."

இதைச் சொன்ன கணத்தில், இதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்கே தோன்றியது.

மாமா கத்தியின் மடிப்புகளை ஒவ்வொன்றாக மூடினார். தட்டில் வைத்தார். தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

7

சற்றுப் பொறுங்கள். எழுதுவதை உரக்கப் படித்துப் பார்ப்பது என் வழக்கம். கீழ்வீட்டு முதியவர் விளக்குமாற்றுக் காம்பால் தம் கூரையை இடிக்கிறார். மாமாவின் குரலை நான் சற்று உரக்கவே எடுத்துவிட்டேன் போலும். இந்நாட்டில் எனக்குக் கிடைக்கும் கைதட்டல் இது ஒன்றே. மிச்சத்தை மெல்லிய குரலில் முடிக்கிறேன்.

தட்டு என் முன்னே இருந்தது. சுந்தரி நிலையை விட்டு வந்தாள். கத்தியை எடுத்தாள். திருகுக்குப் பதிலாக நான் தேடிப் பிடித்த நட்சத்திரத் திருப்புளியை விரித்தாள். அதைத் தக்கையின் தலையில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள். தக்கை உள்ளே விழுந்து தேனில் மிதந்தது.

"இழுத்தாத்தானா? தள்ளுனா ஆகாதா?" என்றாள் பொதுவாக. கிண்ணத்தில் தேனை ஊற்றிக்கொண்டே தொடர்ந்தாள்: "அப்பா, குடிக்கிறவுக கேட்டாக்கூடச் சொல்லமாட்டாக. இவுக கேக்காமலே தொடை, சுத்து, சாமியாருன்னு அம்புட்டையும் கொட்டிட்டாக. இப்படிப்பட்டவுக என்னத்த மறைக்க முடியும்? ஒரு சொட்டுக் குடிச்சிருந்தாலும் என்ன ருசின்னு இந்நேரம் ஒரு சொற்பொழிவு நடந்திருக்கும்."

மாமா என்னைப் பார்த்தார், தேனைப் பார்த்தார். அவர் தொந்தி முதலில் குலுங்கியது. சிரிப்பு பிறகுதான் வெளியே வந்தது. "அதுவும் சரிதேன்" என்று தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்ப உனக்குச் சம்மதம்னு வச்சுக்கலாமாத்தா?"

சுந்தரி தேன் வழிந்த திருப்புளியை முந்தானையில் துடைத்தாள். நின்றுகொண்டே இருந்த என்னை முதன்முறையாக நேருக்கு நேர் பார்த்தாள்.

"வீரபாண்டியில நீங்க பேசுனத நானும் கூட்டத்துல இருந்து கேட்டேன் அத்தான். இந்தப் பக்கம் ஏறி மடக்குனீக. அந்தப் பக்கம் ஏறியும் மடக்குனீக. ஆளே இல்லாட்டி உங்களையே மடக்குனீக." திருப்புளியை 'டக்'கென்று கைப்பிடிக்குள் மடக்கினாள். "மடங்கத் தெரியுமா?"

அக்கேள்விக்கு விடையாக என்னிடம் மூன்று எடுத்துக்காட்டுகள் இருந்தன. மடக்குதலுக்கும் மடங்குதலுக்கும் உள்ள இலக்கண வேறுபாடு நாவின் நுனியில் நின்றது. வலக்கை தானே உயரத் தொடங்கியது. மாமா, கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி, நீண்ட கூட்டத்துக்குத் தயாராகிறவர் போல் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். அத்தை பெருமூச்சு விட்டார். சுந்தரி மட்டும் கத்தியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, விடைக்காகக் காத்திருந்தாள்.

கையை இறக்கினேன். உட்கார்ந்தேன்.

"மடங்குறேன்" என்றேன், மூவருக்கும் கேட்கும்படி.